பரணிலிருந்து இறங்கும் வாள்: பழைய பிரிட்டிஷ் ராணுவப் பொருள்களை அடையாளம் காண்பது எப்படி?

சங்கரன்கோவில் பக்கம் பழைய வீடுகளைப் பிரித்துக் கட்டும்போது பரணிலிருந்து சில பொருள்கள் இறங்குவதுண்டு. உறையில்லாத ஒரு வாள், கறுத்துப்போன பித்தளை வில்லை, ரிப்பன் மக்கிய மெடல், கட்டை உளுத்துக் குழல் மட்டும் மிஞ்சிய துப்பாக்கி. அதற்குப் பிறகு பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கும். யாராவது ஒருவர் "இது கட்டபொம்மன் காலத்து வாள்" என்று சொல்லி, அதுவே அந்த வீட்டின் வரலாறாக நிலைத்துவிடும். அல்லது பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போய்விடும். இரண்டிலும் அந்தப் பொருள் தன்னைப் பற்றித் தானே சொல்லும் செய்தி கேட்கப்படாமல் போகிறது. அதை எப்படிக் கேட்பது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். நம் வட்டாரத்து வீடுகளில் அகப்படும் வாள்களிலும் துப்பாக்கிகளிலும் பெரும்பகுதி பிரிட்டிஷ் காலத்து ராணுவச் சரக்குதான். பாளையக்காரர்களின் ஆயுதங்கள் இவ்வளவு குறைவாக மிஞ்சியதற்குக் காரணம் உண்டு. 1755இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் ஹெரான் பூலித்தேவரின் நெல்கட்டும்செவல் கோட்டைக்கு வந்து, அதை உடைக்கப் பெரிய பீரங்கி இல்லாமல் திரும்பினார். 1761இல் கனத்த பீரங்கிகளோடு வந்த கம்பெனித் தளபதி யூசுப் கான் பூலித்தேவரின் கோட்டைகளைப் பிடித்தார். 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801 பிப்ரவரி 2 அன்று பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய அவர் தம்பி ஊமைத்துரை, பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மறுபடி எழுப்பினார். அதுவும் அதே ஆண்டு வீழ்ந்தது. எல்லாம் முடிந்தபின், 1801 டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதும் பழகுவதும் அதன்படி தடை செய்யப்பட்டன. கோட்டைகள் இடிக்கப்பட்டன, ஊர் ஊராக ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. 1878இல் வந்த ஆயுதச் சட்டம் மிச்சமிருந்தவற்றுக்கும் உரிமம் கேட்டது.

தஞ்சாவூர் அரண்மனையின் ஆயுதசாலைக்கு நேர்ந்தது இதைவிட வருத்தமானது. மராட்டிய அரசு முடிந்தபின் 1860களில் அந்த ஆயுதங்களைப் பிரித்தெடுத்தார்கள். தேர்ந்தெடுத்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. மற்றவற்றை உடைத்துப் பழைய இரும்பாக விற்றார்கள். வால்ஹவுஸ் என்ற ஆங்கில அதிகாரி 1878இல் அதைப் பற்றி ஆதங்கத்தோடு ஒரு கட்டுரை எழுதினார். எழும்பூர் அருங்காட்சியகத்தின் ஆயுதக் கூடத்தில் தஞ்சைக் கட்டாரிகளைப் பார்க்கிறவர்கள், அவற்றில் சிலவற்றின் அலகு ஐரோப்பாவிலிருந்து வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பிடி நம் கொல்லர் செய்தது, அலகு கப்பலில் வந்தது. ஒரு வாள் எந்த ஊர் வாள் என்ற கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் கிடைக்காது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

பிரிட்டிஷ் பொருள்கள் நம் வீடுகளுக்கு வந்த வழிகள் பல. சிவகிரி, சேத்தூர், ஊத்துமலை, சிங்கம்பட்டி போன்ற ஜமீன்களின் காலத்தில் சடங்கு வாள்களும் வேட்டைத் துப்பாக்கிகளும் வாங்கப்பட்டன, பரிசாகவும் வந்தன. பட்டாளத்துக்குப் போனவர்கள் மெடலும் வில்லையும் கொண்டுவந்தார்கள். 1947ஐ ஒட்டி ஊர் திரும்பிய வெள்ளைக்காரக் குடும்பங்கள் பங்களாச் சாமான்களை ஏலத்தில் விட்டுப் போயின. இந்த மூன்றில் எது உங்கள் வீட்டுப் பொருளுக்குப் பொருந்தும் என்பதை, தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். "ஆச்சி, தாத்தா எந்தப் பட்டாளத்துல இருந்தாக? இது அவுகளுக்குக் குடுத்ததா, அவுக விலைக்கு வாங்குனதா?" என்று கேட்டு, பதிலைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி, பொருளோடு சேர்த்து வையுங்கள். சேகரிப்பவர்கள் பொருளின் பூர்வீகம் என்று சொல்வது இந்தத் தாளைத்தான். 2023 மே மாதம் லண்டன் போனம்ஸ் ஏல நிறுவனத்தில் திப்பு சுல்தானின் படுக்கையறை வாள் 1 கோடியே 40 லட்சம் பவுண்டுக்கு மேல் விலை போனது. எஃகும் பொன் வேலைப்பாடும் மட்டும் அந்த விலையைத் தரவில்லை. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அது ஜெனரல் பேர்டுக்குத் தரப்பட்டது என்ற செய்தி அந்த வாளிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. பூர்வீகம் அங்கே வாளோடு ஒட்டியே வந்தது.

இனி வாளைக் கையில் எடுப்போம். துணியுறை போட்ட கையால் எடுங்கள், விரல் வியர்வையின் உப்பு ஒரே வாரத்தில் இரும்பில் ரேகையாகத் துருப்பிடிக்கும்.

வடிவத்தை முதலில் பாருங்கள். நம் நாட்டுத் தல்வார் வாளின் பிடி சிறியது, அதன் அடியில் வட்டத் தட்டு இருக்கும். பிரிட்டிஷ் குதிரைப்படை வாளுக்குத் தட்டு இல்லை. விரல்களைக் காக்க ஒரு இரும்புப் பட்டை பிடியின் மேலிருந்து அடிவரை வளைந்து இறங்கும். பட்டை ஒன்றே ஒன்றாக இருந்து, அலகு நன்றாக வளைந்து, நுனிக்கு அருகே குறுகாமல் அகன்றிருந்தால், அது 1796ஆம் ஆண்டு மாதிரியைச் சேர்ந்த இலகு குதிரைப்படை வாளாக இருக்க வாய்ப்பு அதிகம். லெ மார்ஷான் என்ற அதிகாரி வடிவமைத்த இது, குத்துவதற்கு அல்ல, வீசி வெட்டுவதற்கு. அலகு ஏறத்தாழ 83 சென்டிமீட்டர். நெப்போலியன் காலப் போர்களில் பெயர் வாங்கிய இந்த வாள் இந்தியாவில் பல பத்தாண்டுகள் புழங்கியது, இங்கேயே நகலும் எடுக்கப்பட்டது.

காலாட்படை அதிகாரியின் வாள் வேறு. 1822ஆம் ஆண்டு மாதிரியில் கைக்காப்பு பித்தளைக் கம்பிகளால் ஆன அரைக்கூடையாக இருக்கும். அந்தக் கம்பிகளுக்கு நடுவில் ஒரு முட்டை வடிவ இடமும், அதில் ஆட்சியிலிருந்த அரசரின் எழுத்துகளும் காணப்படும். வி, ஆர் என்ற இரண்டு எழுத்துகள் பின்னியிருந்தால் விக்டோரியா காலம், அதாவது 1837க்கும் 1901க்கும் இடையில். 1897ஆம் ஆண்டு மாதிரியில் பித்தளை போய், துளைவேலை செய்த எஃகுத் தகட்டுக் காப்பு வந்துவிட்டது. அதில் ஜி, ஆர் எழுத்துகளோடு ஐந்து என்ற ரோமன் எண் இருந்தால் ஐந்தாம் ஜார்ஜ், 1910 முதல் 1936 வரை. பிடியின் மேல் சொரசொரப்பான தோல் சுற்றி, அதன் பள்ளங்களில் மெல்லிய கம்பி ஓடும். அது திருக்கை மீன் தோல். தூத்துக்குடிக்காரர்கள் தொட்டவுடனே சொல்லிவிடுவார்கள்.

கைக்காப்புக்கு மேலே, அலகு தொடங்கும் இடத்தில் கூர் தீட்டாத இரண்டு விரல் நீளப் பகுதி ஒன்று உண்டு. ஒரு அதிகாரி வாளின் பிறப்புச் சான்றிதழ் அங்கேதான் இருக்கிறது. ஒரு பக்கம் செய்தவர் அல்லது விற்றவர் பெயர். மறுபக்கம் வில்கின்சன் வாளாக இருந்தால், ஆறு முனை நட்சத்திரத்துக்கு நடுவே பதித்த ஒரு சின்ன உலோக வட்டு, வாள் சோதனையில் தேறியதற்கான முத்திரை. இனி அலகைத் திருப்பி அதன் முதுகைப் பாருங்கள். பிடிக்கு அருகில் எண் ஒன்று பொறித்திருக்கலாம். 1850களின் நடுப்பகுதியிலிருந்து வில்கின்சன் நிறுவனம் தன் உயர்தர வாள்களுக்கு எண் இட்டு, வாங்கியவர் பெயரைப் பேரேட்டில் எழுதியது. அந்த எண் அழியாமல் இருந்தால், 1880இல் மதராஸ் படைக்குப் புறப்பட்ட இளம் அதிகாரி ஒருவரின் பெயர்வரை போய்ச் சேர முடியும். எண்ணை உப்புத்தாளால் தேய்த்துவிட்டால் மிஞ்சுவது அழகான ஒரு இரும்புத் துண்டு மட்டுமே.

சிப்பாய்களுக்கு அரசு வழங்கிய வாள்களில் பூவேலை இருக்காது. அகன்ற அம்புக்குறி, கிரீடத்தோடு கூடிய சோதனை முத்திரை, காப்பின் மேல் படைப்பிரிவின் சுருக்கெழுத்து, வரிசை எண் என்று தட்டி அடித்த குறிகள் இருக்கும். எக்ஸ் போன்ற பெருக்கல் குறியைப் பார்த்து யாரோ கீறிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். அலகை வளைத்துப் பார்த்து, அது நேராக மீண்டது என்பதற்கான குறி அது.

நம் ஊர்களில் வாளைவிட எளிதாகக் கிடைப்பது பயனெட் என்னும் துப்பாக்கி முனைக் கத்தி. பெரும்பாலும் 1907 என்ற எண் பொறித்த நீளமான ஒன்று, அலகு 43 சென்டிமீட்டர். 1907இல் செய்தது என்று நம்பி வாங்குகிறவர்கள் ஏராளம். அது மாதிரி அறிமுகமான ஆண்டு. செய்த காலம் அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும். 9, பிறகு 16 என்றிருந்தால் 1916 செப்டம்பர். ஆர், எஃப், ஐ என்ற எழுத்துகள் இருந்தால் வங்காளத்தில் இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையின் வேலை. இரண்டாம் உலகப் போரில் அங்கே 30 சென்டிமீட்டர் அளவில் குட்டையாகவும் செய்தார்கள். குட்டையாக இருப்பதால் உடைந்து தீட்டியது என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

துப்பாக்கிக்கு வருவோம். இங்கே ஆர்வத்துக்கு முன்னால் சட்டம் நிற்க வேண்டும், அதனால் அதையே முதலில் சொல்கிறேன்.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. வழக்கொழிந்த மாதிரி, பழம்பொருள் மதிப்புள்ளது, பழுதானது ஆகிய ஆயுதங்களுக்கு அது பொருந்தும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அது துப்பாக்கியாகப் பயன்பட முடியாததாக இருக்க வேண்டும். பலரும் முன்பாதியை மட்டும் படித்துவிட்டு, "நூறு வருஷம் ஆச்சு, லைசென்ஸ் வேண்டாம்" என்கிறார்கள். அப்படி இல்லை. ஒரு கொல்லர் இரண்டு நாள் உட்கார்ந்தால் சுட வைத்துவிடலாம் என்ற நிலையில் உள்ள வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும். பட்டாளத்து .303 ரைபிள் சாதாரண உரிமத்திலும் அடங்காது, அது தடை செய்யப்பட்ட வகை. உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருந்த தாத்தா காலமானால் அந்த உரிமம் தானாகப் பேரனுக்கு வராது. வாரிசு என்ற முறையில் மாவட்ட நிர்வாகத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பின், பரம்பரைச் சொத்தாக வந்தாலும் ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிக்கு மேல் கூடாது. உரிமம் இல்லாத ஒன்று பரணில் அகப்பட்டால், 21ஆம் பிரிவின்படி பக்கத்துக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு, பிறகு விலக்குக்கோ உரிமத்துக்கோ முயல்வதே சரியான வழி. சங்கரன்கோவில் இப்போது தென்காசி மாவட்டம் என்பதால் விண்ணப்பம் போக வேண்டியது தென்காசிக்கு. 2019க்கு முந்தைய பழைய உரிமத் தாள்களில் திருநெல்வேலி என்றிருக்கும், அவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.

வாளுக்கு விதி இவ்வளவு கடுமையல்ல. மத்திய அரசு அறிவிக்கை செய்த பகுதிகளில் 4ஆம் பிரிவின்படி வாளுக்கும் உரிமம் தேவை. விற்பனை செய்ய நினைத்தால் 5ஆம் பிரிவைப் பார்க்க வேண்டும். வீட்டுச் சுவரில் மாட்டும் முன்பே காவல் நிலையத்தில் எழுத்து மூலம் கேட்டுத் தெளிவது நல்லது. கோவில் கொடைக்கோ ஊர்வலத்துக்கோ எடுத்துப் போவது எந்த வாளாக இருந்தாலும் வழக்கில் முடியக்கூடும்.

சட்டம் முடிந்தது, துப்பாக்கியைப் பார்க்கலாம். கிழக்கிந்தியக் கம்பெனியின் சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கி என்றால் விசைத் தகட்டைப் பாருங்கள். இதய வடிவம் ஒன்றை நான்காகப் பிரித்து, வி, இ, ஐ, சி என்ற எழுத்துகளை ஒவ்வொரு அறையிலும் இட்டு, மேலே நான்கு என்ற எண் போன்ற ஒரு குறி இருந்தால் அது கம்பெனியின் சரக்கு முத்திரை. 1808ஐ ஒட்டி அது மாறி, பின்னங்கால்களில் நிற்கும் சிங்கம் வந்தது. ஆகவே இதயக் குறியுள்ள துப்பாக்கி பாளையக்காரர் போர்க் காலத்துக்கு உரியதாக இருக்கலாம், சிங்கக் குறியுள்ளது அதற்குப் பிந்தியது. பாஞ்சாலங்குறிச்சியில் பயன்பட்டது என்று யாராவது சிங்கக் குறியைக் காட்டி விற்றால், அந்தத் தகடே அவரை மறுத்துவிடும். இந்திய மாதிரி என்று பெயர் பெற்ற இந்த மஸ்கட்டின் குழல் 39 அங்குலம், அதன் வாய் ஏறத்தாழ 19 மில்லிமீட்டர். 2003இல் காத்மாண்டு அரண்மனை ஆயுதக் கிடங்கில் இருந்த இவ்வகைப் பழைய துப்பாக்கிகளை அமெரிக்க வியாபாரிகள் மொத்தமாக விலைக்கு வாங்கிக் கொண்டுபோனார்கள். அதன்பிறகு உலகச் சந்தையில் இவை முன்னைப்போல அரிய பொருள்கள் இல்லை. விலை பேசும்போது இது நினைவில் இருக்கட்டும்.

ஜமீன் வீட்டு வேட்டைத் துப்பாக்கிகளில் குழலின் மேல் சென்னை பி. ஓர் அண்ட் சன்ஸ் பெயரைக் காணலாம். மவுண்ட் ரோட்டில் கடிகாரத்துக்குப் பெயர் போன அந்தக் கடை துப்பாக்கியும் விற்றது. அந்தப் பெயர் விற்றவர் பெயர், செய்தவர் பெரும்பாலும் இங்கிலாந்தில் இருந்தார். குழலின் அடிப்பக்கத்தில் உள்ள சோதனை முத்திரைகள்தான் எங்கே செய்தது என்று சொல்லும். வடமேற்கு எல்லையில் பணியாற்றித் திரும்பியவர்கள் கொண்டுவந்த சில துப்பாக்கிகளில் ஆங்கில எழுத்துகள் திரும்பியோ பிழையாகவோ இருக்கும். அவை கைபர் கணவாய்ப் பக்கத்துப் பட்டறைகளில் கையால் செய்த நகல்கள். அவற்றையும் ஒரு தனி வரலாறாக மதிக்கலாம், அசல் விலைக்கு வாங்கக் கூடாது.

நம் பக்கம் உழும்போது கிடைக்கும் பீரங்கிக் குண்டுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நெல்கட்டும்செவலும் வாசுதேவநல்லூரும் பீரங்கித் தாக்குதல் கண்ட இடங்கள், குண்டு கிடைப்பதில் வியப்பில்லை. ஆனால் சிமென்ட் ஆலைகளின் அரைவை உருளைக்குள் போடும் இரும்புக் குண்டுகளும் பழைய இரும்புக் கடைகளில் பீரங்கிக் குண்டாகிவிடுகின்றன. வேறுபடுத்த ஒரு தராசும் அளவுகோலும் போதும். அந்தக் காலப் பீரங்கிகள் குண்டின் எடையால் பெயர் பெற்றவை. ஆறு பவுண்டுக் குண்டு ஏறத்தாழ 2.7 கிலோ, 9 சென்டிமீட்டர் விட்டம். பதினெட்டு பவுண்டுக் குண்டு 8 கிலோவுக்குச் சற்று மேல், விட்டம் 13 சென்டிமீட்டரை ஒட்டி. துரு தின்றதற்குக் கொஞ்சம் கழிவு கொடுத்தாலும் இந்த வரிசையில் எங்கும் பொருந்தாத குண்டைச் சந்தேகப்படுங்கள். குண்டில் ஒரு துளை இருந்து, எடையும் குறைவாக இருந்தால் அது உள்ளே மருந்து அடைத்த வகை. தட்டவோ துளைக்கவோ கூடாது, உடனே காவல்துறைக்குச் சொல்லுங்கள், வெடிமருந்து முதுமையால் செத்துப்போவதில்லை. மண்ணுக்குள் புதைந்து கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதானால், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். வாளும் துப்பாக்கியும் பெரும்பாலும் வெள்ளைக்கார அதிகாரியைப் பற்றிப் பேசுகின்றன. வில்லையும் மெடலும் நம் ஆளைப் பற்றிப் பேசுகின்றன. கம்பெனிப் பட்டாளத்தில் துப்பாக்கி தூக்கியவர்களில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். இந்தச் சின்னங்களைச் சேர்ப்பது வெள்ளையரைப் போற்றுவதாகாது. வயிற்றுக்காகக் கடல் கடந்து போன நம் ஊர்க்காரர்களைத் தேடுவது அது.

நமக்கு மிகப் பக்கத்து உதாரணம் பாளையங்கோட்டையின் பெயரையே தாங்கிய படை, 63ஆம் பாளம்கோட்டா லைட் இன்ஃபன்ட்ரி. 18ஆம் நூற்றாண்டுச் சோழமண்டலக் கரைச் சிப்பாய்ப் பட்டாளம் ஒன்றின் வழிவந்தது. 1903இல் தலைமைத் தளபதி கிச்சனர் இந்தியப் படைகளுக்கு மறு எண் கொடுத்தபோது மதராஸ் காலாட்படைகளின் எண்ணோடு 60 கூடியது, அதனால் 3ஆம் படை 63 ஆனது. 13ஆம் படை 73ஆம் கர்நாடிக் இன்ஃபன்ட்ரி ஆனதும் அப்படித்தான். 1914 நவம்பர் தொடக்கத்தில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தில் ஜெர்மானியரோடு நடந்த சண்டையில் இந்தப் படை இறக்கப்பட்டு, அந்தத் தோல்வியில் சிக்கியது. 1920களின் தொடக்கத்தில் கலைக்கப்பட்டது. ஆகவே 63 என்ற எண்ணும் பாளையங்கோட்டைப் பெயரும் சேர்ந்திருக்கும் ஒரு பித்தளைத் தோள் எழுத்து கிடைத்தால், அதன் வயது இருபது ஆண்டுக் காலத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஒரு எண் செய்யும் வேலை இவ்வளவு.

வில்லைகளில் கிரீடம் இருந்தால் அதன் வளைவுகளைக் கவனியுங்கள். உச்சியில் உருண்டு மேடாக எழுந்திருந்தால் அது அரசர் கிரீடம், 1901க்கும் 1950களின் தொடக்கத்துக்கும் இடைப்பட்டது. உச்சியில் இரு பக்கமும் மேடாகி நடுவில் குழிந்திருந்தால் ராணி கிரீடம். ஆனால் ராணிகள் இருவர், 1901இல் மறைந்த விக்டோரியாவும் 1952இல் அரியணை ஏறிய எலிசபெத்தும். 1950 ஜனவரி 26 முதல் இந்தியப் படைகளின் சின்னத்தில் கிரீடத்தின் இடத்துக்கு அசோகச் சிங்கம் வந்துவிட்டது. எனவே எலிசபெத் கிரீடம் எந்த இந்தியப் படையின் அசல் வில்லையிலும் இருக்க முடியாது. நடுவில் குழிந்த கிரீடமும், 1903க்குப் பின் வந்த படை எண்ணும் ஒரே வில்லையில் சேர்ந்திருந்தால் அது பின்னாளில் விற்பனைக்காக வார்த்தது. இந்த ஒரு கணக்கைத் தெரிந்துகொண்டாலே போலியில் பாதி கழிந்துவிடும். எழுத்துகளை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள். மெட்ராஸ் சாப்பர்ஸ் படை விக்டோரியா ராணியின் பெயரைத் தாங்கியதால், அவர் மறைந்த பின்னும் அவருடைய எழுத்துகள் அதன் சின்னத்தில் தொடர்ந்தன.

பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். அச்சில் அடித்த வில்லையானால் முன்பக்கத்து மேடு பின்பக்கத்தில் பள்ளமாகத் தெரியும். வார்த்தது என்றால் முதுகு தட்டையாகவும் மணல் மணலாகவும் இருக்கும். பிரிட்டனில் வார்ப்பு என்றால் போலி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். இங்கே அந்த அவசரம் வேண்டாம். இந்தியப் படைகள் கண்டோன்மென்ட் கடைவீதிப் பித்தளைக் கைவினைஞர்களிடம் வில்லைகளை வார்த்து வாங்கியதுண்டு. இங்கே பார்க்க வேண்டியது தேய்மானம். தினமும் பாலீஷ் போட்டு அணிந்த வில்லையில் யானையின் நெற்றி, கிரீடத்தின் உச்சி போன்ற மேடுகள் மழுங்கி, பள்ளங்களில் பழைய பாலீஷ் வெள்ளையாக இறுகியிருக்கும். போலியில் எல்லா இடமும் ஒரே அளவில் கறுத்திருக்கும். யானை என்றதும் நினைவுக்கு வருகிறது, மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் இன்றைய சின்னத்திலும் யானை நிற்கிறது. 1803 செப்டம்பர் 23 அசாயே போரில் மதராஸ் படைகள் பெற்ற சிறப்பு அது. 1758ஐத் தன் தொடக்கமாகக் கொண்டாடும் அந்த ரெஜிமென்ட்டின் மையம் நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது.

புதிதாகச் செய்த வாள்களில் எல்லாமே ஏமாற்று அல்ல. டேராடூனில் 1943 முதல் இயங்கும் விண்ட்லாஸ் நிறுவனம் பல நாட்டுப் படைகளுக்குச் சடங்கு வாள்கள் செய்து தருகிறது, சினிமாவுக்கும் செய்கிறது. அதைப் புதிது என்று சொல்லி விற்பதில் தவறில்லை. உப்புநீரில் ஊறவைத்துத் துரு ஏற்றி, 1857 என்று தட்டி விற்பதுதான் குற்றம். உண்மையான பழந்துரு கறுப்பாகவும் இறுக்கமாகவும் இருக்கும். புதுத் துரு செங்கல் நிறத்தில் விரலில் ஒட்டும்.

பராமரிப்பில் நம் பக்தியே சில நேரம் பகையாகிறது. ஆயுத பூஜையன்று வாளின் நுனியில் எலுமிச்சம்பழம் குத்தி, சாறு வழியக் குங்குமம் பூசி, அப்படியே உறைக்குள் போட்டுவிடுகிறோம். எலுமிச்சையின் புளிப்பு மெல்லிய பொறிப்பைத் தின்றுவிடும். பூஜை செய்யட்டும், வாளுக்குப் பக்கத்தில் ஒரு தட்டில் பழத்தை வைத்துச் செய்யட்டும். புளியும் செங்கல் பொடியும் போட்டுத் துலக்கினால் பித்தளை பளபளக்கும், எழுத்தும் கரையும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் சிக்குப் பிடித்துப் பித்தளையில் பச்சைக் களிம்பை வளர்க்கும். இரும்பு அலகுக்கு மெல்லிய துணியில் தையல் மெஷின் எண்ணெய் தொட்டு ஆண்டுக்கு இரண்டு முறை துடைப்பது போதும். தோல் உறைக்குள் வாளைப் போட்டு வைக்காதீர்கள். பதனிட்ட தோல் ஈரத்தை இழுத்து வைத்து அலகை உள்ளேயே அரிக்கும். வாளும் உறையும் அருகருகே கிடக்கட்டும். நம் கரிசல் காற்று வறண்டது, இரும்புக்கு நல்லது, ஐப்பசி கார்த்திகையில் மட்டும் கவனமாக இருங்கள்.

நூறு ஆண்டைக் கடந்த பொருளை வெளிநாட்டு வாங்குபவருக்கு அனுப்பித் தர ஒப்புக்கொள்ளாதீர்கள். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தனியார் ஏற்றுமதியைத் தடுக்கிறது. கண்ணைப் பழக்க நினைப்பவர்கள் சென்னைக்குப் போகும்போது இரண்டு இடங்களுக்கு நேரம் ஒதுக்குங்கள். ஒன்று எழும்பூர். மற்றொன்று புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகம், 1795இல் கட்டி முடித்த கட்டடத்தில் 1948 முதல் இயங்குகிறது. வாள், துப்பாக்கி, சீருடை, மெடல் எல்லாம் அங்கே அசலாக இருக்கின்றன. அசலைப் பத்து முறை நின்று பார்த்தவர் கண்ணுக்குப் போலி தானாகத் துருத்தும்.

மெடலைக் கடைசிக்கு வைத்தேன், காரணம் இதில்தான் ஒரு மனிதரின் பெயர் இருக்கிறது. முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் போர் மெடல் வெள்ளியால் ஆனது, 36 மில்லிமீட்டர் விட்டம், ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜின் தலை. சுமைதூக்கிகளும் பிற முகாம் ஊழியர்களும் அதையே வெண்கலத்தில் பெற்றார்கள். முகத்தைப் பார்த்துவிட்டு வைத்துவிடாமல் விளிம்பைச் சுற்றி நகம் ஓட்டிப் பாருங்கள். அங்கே எண், பதவி, பெயர், படை என்ற வரிசையில் எழுத்துகள் அடித்திருக்கும். இரண்டாம் உலகப் போரின் நட்சத்திர மெடல்களைப் பிரிட்டன் தன் வீரர்களுக்குப் பெயர் பொறிக்காமலே கொடுத்தது. இந்திய வீரர்களுக்கு வழங்கியவற்றில் பெயர் பொறிக்கப்பட்டது. பர்மா நட்சத்திரம் உங்கள் வீட்டில் இருந்தால் அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். ஒரே ஆளின் மெடல்கள் மூன்று நான்கு சேர்ந்து ஒரு பட்டையில் தொங்கினால் அண்ணன் தம்பிகள் ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொள்ளாதீர்கள். பிரிந்தால் அவை ஒருவருடைய கதையைச் சொல்லா. வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் உலகம் முழுக்க இந்த மெடல்கள் உலைக்குப் போயிருக்கின்றன. நம் ஊரிலும் எத்தனையோ கொலுசாகியிருக்கும்.

விளிம்பிலிருந்து பெயரையும் எண்ணையும் படியெடுத்தபின், அவர் போரில் இறந்தவராக இருந்தால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவுகளில் இலவசமாகத் தேடலாம். ஆங்கிலேய எழுத்தர்கள் தமிழ்ப் பெயரைக் காதில் விழுந்தபடி எழுதினார்கள், அதனால் ஒரே பெயரை நான்கைந்து எழுத்துக்கூட்டலில் போட்டுப் பாருங்கள், கடைசியில் படை எண்ணை வைத்து உறுதி செய்யுங்கள். சென்னை நந்தம்பாக்கத்துப் போர்க் கல்லறை வளாகத்தில் முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்கான மதராஸ் நினைவுச் சின்னம் இருக்கிறது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் அதற்குள் அடங்கும். வெளிநாட்டில் இறந்தவர் என்றால் எந்த நாட்டுக் கல்லில் அவர் பெயர் இருக்கிறது என்பதையும் அதே பதிவு சொல்லும்.